மாடிக்காரருக்கு ஒரு பாட்டு

எங்கள் வீட்டில் அதிகமாகத் தபால் வந்தது பெரிய தாத்தாவுக்குத்தான். அவர் இறந்து அப்போது பன்னிரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. அப்பாவின் பெரியப்பாவான அவரை நான் போட்டோவில் மட்டும் பார்த்திருக்கிறேன். கூடத்துச் சுவரில், சந்தன மாலைக்குள், கோபமாக உட்கார்ந்திருப்பார். அவருக்கு மாஸ்கோவிலிருந்து காலண்டர் வந்தது. பெர்லினிலிருந்து ஸ்டிக்கர் வந்தது. பீக்கிங்கிலிருந்து காகிதத்தில் வெட்டிய பூக்கள் வந்தன. "அன்புள்ள நேயருக்கு, தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம்" என்றுதான் எல்லாக் கடிதங்களும் தொடங்கும்.

இது மாமாவின் வேலை. அம்மாவின் தம்பியான மாமா குரோம்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் டைப்பிஸ்ட்டாக இருந்தார். எங்களோடு சிட்லப்பாக்கத்தில் தங்கியிருந்தார். எண்பதுகளின் நடுவில் அங்கே தெருவுக்கு ஏழெட்டு வீடுகள்தான் இருந்தன. மற்றதெல்லாம் முள்ளும் காலி மனையும், அவற்றுக்கு அப்பால் ஏரியும். பொழுதுபோக்கு என்றால் ரேடியோதான். மாமா சிற்றலையில் வெளிநாட்டு நிலையங்களைக் கேட்டு, எந்த அலைவரிசையில், எத்தனை மணிக்கு, எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்று அந்தந்த நிலையத்துக்கு எழுதிப் போடுவார். அவர்கள் நன்றி சொல்லி வண்ண அட்டையும் காலண்டரும் அனுப்புவார்கள். ஒரு ஆளுக்கு ஒரு காலண்டர்தான் என்பதால் மாமா ஒரு நேயர் மன்றம் தொடங்கினார். உறுப்பினர்கள் பதினொரு பேர். உயிரோடு இருந்தவர்கள் ஐந்து பேர். தலைவர் பெரிய தாத்தா.

"செத்தவர் பேர்ல லெட்டர் வாங்கறியேடா, விளங்குமா?" என்று அம்மா கேட்பாள்.

"அவருக்கு என்னக்கா, ஆட்சேபணையா சொல்றாரு?" என்பார் மாமா போட்டோவைக் காட்டி. "உயிரோட இருந்தப்ப அவருக்கு ஒரு போஸ்ட் கார்டு வந்திருக்குமா? இப்ப பாரு, மாசம் மூணு."

கடிதங்களை எழுதியது நான். எனக்குப் பதினொரு வயது. டைப் அடித்தால் கம்பெனிக் கடிதம் என்று நினைத்துவிடுவார்கள், குழந்தைக் கையெழுத்துக்குத்தான் பெரிய காலண்டர் வரும் என்பது மாமாவின் கணக்கு. மாமா ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு சாய்வில் எழுதுவேன். பெரிய தாத்தாவின் எழுத்து இடது பக்கம் சாயும். எழுதிய ஒவ்வொன்றுக்கும் கார்பன் நகல் வைத்தேன். வந்த தபால் எல்லாவற்றையும் ஒரு நீள நோட்டில் ஏற்றினேன். தேதி, நாடு, யாருக்கு, யாரிடமிருந்து, தபால்தலை, குறிப்பு என்று ஆறு கட்டங்கள். இன்றுவரை ஒருநாள் விடாமல் நாட்குறிப்பு எழுதுகிறேன் என்றால் அது அந்த நோட்டில் தொடங்கிய பழக்கம்.

மாடியில் ஒற்றை அறையில் ஒரு வெள்ளைக்காரர் குடியிருந்தார். பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரிப் பாதிரியார் சொல்லி அப்பா வைத்த குடித்தனம். பல்லாவரம், தாம்பரம் பக்கத்திலிருந்து இன்ஜினியரிங் படித்த பையன்கள் சனி, ஞாயிறு காலைகளில் வந்து அவரிடம் ஜெர்மன் கற்றுக்கொண்டு போவார்கள். அதனால் தெருவில் அவர் பெயர் ஜெர்மன் சார். உயரமானவர், கொஞ்சம் கூன். இடது கையில் சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் இல்லை. திருச்சியில் கற்ற தமிழை நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் இறக்கிவைப்பது போலப் பேசுவார். என்னைப் பாப்பா என்று கூப்பிடுவார். கோடு போடும்போது ஸ்கேலை எப்படிப் பிடித்தால் நழுவாது என்று எனக்குக் காட்டிக்கொடுத்தவர் அவர்தான். மூன்று விரல்களால் ஸ்கேலை அழுத்திப் பிடிப்பார். அது அசையவே அசையாது.

அவருக்குத் தபால் வந்ததே இல்லை. இதை நோட்டைப் பார்த்துச் சொல்கிறேன். மூன்றரை வருடத்தில் ஒன்றுகூட இல்லை. வெளிநாட்டில் பிறந்த மனிதருக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு அட்டைகூட வராதது எனக்கு உறுத்தலாக இருந்தது. சுவரில் இருந்தவருக்கு மாதம் மூன்று, மாடியில் இருந்தவருக்கு ஒன்றும் இல்லை.

எதையும் நடந்த வரிசையில் எழுதுவதுதான் என் வழக்கம். ஒரு விஷயத்தை மட்டும் முன்னால் சொல்லிவிட வேண்டியிருக்கிறது. அப்பா எட்டு வருடங்கள் கழித்து எனக்குச் சொன்னது அது. மாடிக்காரர் ஜெர்மன்காரர் இல்லை. செக்கோஸ்லோவாக்கியாக்காரர். அந்த நாட்டு உதவியோடு திருச்சியில் கொதிகலன் தொழிற்சாலை கட்டியபோது, அவர்களுடைய இன்ஜினியர்களுக்கு மொழிபெயர்ப்பாளராக வந்தவர். அறுபத்தெட்டில் ரஷ்ய டாங்குகள் அவருடைய ஊருக்குள் புகுந்தன. அடுத்த வருடம், அது சரிதான் என்று ஒரு காகிதத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அவர் போடவில்லை. உடனே திரும்பி வா என்று உத்தரவு வந்தது. போனால் சிறை. போகாமல் இங்கேயே தங்கிவிட்டால், ஓடிப்போனவனின் குடும்பம் என்று மனைவிக்கு வேலை போகும், மகள் பெரியவளானால் கல்லூரி வாசலை மிதிக்க முடியாது. மகளுக்கு அப்போது இரண்டு வயது. ஆவணி வெள்ளம் போய்க்கொண்டிருந்த காவிரியில், ஒரு படித்துறையில் சட்டை, கைக்கடிகாரம், செருப்பு மூன்றையும் ஒழுங்காக அடுக்கிவைத்துவிட்டு அவர் நடந்து போய்விட்டார். உடல் கிடைக்கவில்லை என்று அவர்கள் எழுதிக்கொண்டார்கள். செத்தவன் மகள் படிக்கலாம். ஓடிப்போனவன் மகள்தான் படிக்கக் கூடாது. ஆகவே அவர் செத்தவராகவே இருந்தார், மனைவிக்கும்கூட. பிறகு இங்கே தங்க அவருக்குக் காகிதங்கள் எப்படிக் கிடைத்தன என்பது எனக்குத் தெரியாது. பாதிரியாருக்குத் தெரிந்திருக்கும்.

இது எதுவும் தெரியாமல் நான் ஒன்றைக் கண்டுபிடித்தேன்.

ஒவ்வொரு நிலையமும் ஒலிபரப்பைத் தொடங்கும் முன் ஒரு சின்ன இசைத் துணுக்கைத் திரும்பத் திரும்பப் போடும். ஊசியை நகர்த்தித் தேடுகிறவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு நிலையத்தை அடையாளம் காண்பார்கள். எனக்கு அப்படி இருபத்தெட்டுத் துணுக்குகள் மனப்பாடம். ஒருநாள் சாயங்காலம் மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனபோது, அவர் அறையின் மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து அப்படி ஒரு துணுக்கு கேட்டது. எக்காளத்தில் ஏழெட்டு சுரங்கள்தான், நிறுத்தி, மறுபடி. பெர்லின் இல்லை, கொலோன் இல்லை. பிராக், அதாவது செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகரம். மறுநாளும் அதே நேரம் போனேன். அதே துணுக்கு. தொடர்ந்து ஒன்பது நாட்கள் போய்க் குறித்துக்கொண்டேன். மிகக் குறைந்த ஒலியில் வைத்துக் கேட்பார். துணுக்கு முடிந்து அறிவிப்பாளர் பேசத் தொடங்கியதும், உள்ளே யாரோ ஒவ்வொரு வார்த்தையையும் கூடவே முணுமுணுப்பது கேட்கும். இரண்டு குரலும் ஒன்றாகவே போகும். பத்தாவது நாளும் போனேன்.

அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் எங்கள் எல்லோருக்கும் அங்க அடையாளம் எழுதிக்கொண்டிருந்தார்கள். பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு மச்சமோ தழும்போ எழுத வேண்டும். ஆளை அடையாளம் காட்ட அதுதான் சரியான வழி, மற்றதெல்லாம் மாறிவிடும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அந்த வாரமே மாமாவிடம் சொல்லாமல், என் சொந்தப் பெயரில், பிராகில் இருந்த அந்த நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதன் நகல் இப்போது மேஜைமேல் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தருகிறேன்.

"எங்கள் வீட்டு மாடியில் உங்கள் நாட்டவர் ஒருவர் இருக்கிறார். எல்லோரும் அவரை ஜெர்மன்காரர் என்கிறார்கள். அது தவறு. அவர் தினமும் உங்கள் நிலையத்தைக் கேட்கிறார். உயரம் சுமார் ஆறு அடி. அங்க அடையாளம்: இடது கையில் கடைசி இரண்டு விரல்கள் இல்லை. முன்பு திருச்சியில் இருந்தார். அவருக்குத் தபால் எதுவும் வருவதில்லை. தயவுசெய்து அவருக்கு ஒரு காலண்டர் அனுப்பவும்."

கீழே எங்கள் விலாசம், பின்கோடு எண்ணோடு.

ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. காலண்டர் இல்லை. என் பெயருக்கு ஒரு தாள் மட்டும். என் கடிதம் தங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது என்றும், வருகிற வெள்ளிக்கிழமை நேயர் கடித நிகழ்ச்சியைத் தவறாமல் கேட்கவும் என்றும், மாடி நண்பரும் கேட்டால் நன்றாக இருக்கும் என்றும் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டவரின் பெயர் இல்லை. நோட்டில் "குறிப்பு" கட்டத்தில் "பெயர் இல்லை" என்று எழுதியிருக்கிறேன்.

மாமா துள்ளினார். ரேடியோவில் வீட்டுப் பிள்ளையின் கடிதத்தைப் படிக்கப்போகிறார்கள் என்றால் சாதாரணமா?

"பதினொரு பேர்ல தலைவரு இருக்கும்போது உன் லெட்டரை எடுத்திருக்கான் பாரு. என்ன எழுதினே?"

"சும்மா, எப்பவும் எழுதறதுதான்."

"பெரிய தாத்தா வருத்தப்படுவாரு," என்று போட்டோவுக்கு ஒரு சலாம் வைத்தார் மாமா.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கே அப்பா, அம்மா, மாமா, நான் எல்லோரும் கூடத்தில் ரேடியோ முன் உட்கார்ந்துவிட்டோம். பக்கத்து மனையில் தவளைச் சத்தம். எக்காளத் துணுக்கு வந்தது. அது எங்கள் ரேடியோவிலிருந்து மட்டும் வரவில்லை. உத்தரத்துக்கு மேலிருந்தும் மெலிதாக வந்தது. வழக்கம்போல அவரும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குச் சொல்ல வேண்டாம், அவராகவே கேட்டு ஆச்சரியப்படட்டும் என்று நான் இருந்துவிட்டேன்.

ஒரு பெண் குரல், சிரித்துக்கொண்டே பேசுகிற குரல், முதலில் கென்யாவிலிருந்து வந்த கடிதத்தைப் படித்தது. பிறகு என் பெயரைச் சொன்னது. அம்மா என் தொடையைப் பிடித்து அழுத்தினாள். அந்தக் குரல் தாம்பரம் என்றது, சிட்லப்பாக்கம் என்றது, தெருப் பெயரையும் சொன்னது. கடிதத்தில் வேறு எதையும் படிக்கவில்லை. "இந்தச் சிறுமியின் வீட்டு மாடியில் இருக்கும் நண்பருக்காக ஒரு பாட்டு. இது அவருக்குத் தெரிந்த பாட்டுதான்" என்றது.

பாட்டில் வாத்தியம் எதுவும் இல்லை. ஒரு பெண் தனியாகப் பாடினாள். தூங்கவைக்கிற பாட்டு என்பது மொழி தெரியாமலே தெரிந்தது. கீழேயும் மேலேயும் ஒரே குரல். அலை ஏறி இறங்கும்போது இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கின. மூன்றாவது அடியில் மேலே இருந்த குரல் அறுந்தது. எங்கள் ரேடியோவில் மட்டும் பாட்டு தொடர்ந்தது. மேலே நாற்காலி நகரவில்லை, காலடி கேட்கவில்லை. பாட்டு முடியும்வரை எங்கள் நான்கு பேருக்கும் மேலே ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார் என்பதை உத்தரத்தைப் பார்க்காமலே நான் உணர்ந்தேன்.

பிறகு படிகளில் இறங்கி வந்தார். வாசல் நிலையைத் தாண்டாமல் நின்றார். முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது.

"பாப்பா, நீங்க எழுதின கடிதத்துக்கு நகல் இருக்குதா?"

"இருக்கு சார்," என்றேன் பெருமையாக. ஓடிப்போய் எடுத்துவந்தேன்.

மூன்று விரல்களால் தாளைப் பிடித்துக்கொண்டு படித்தார். முதலிலிருந்து இன்னொரு முறை படித்தார். என் காரியத்தில் ஏதாவது பிழை இருக்குமோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

"ஒரு தப்புகூட இல்ல," என்றார். "பின்கோடு எண்கூட சரியா போட்டிருக்கீங்க."

தாளைத் திரும்ப என் கையில் கொடுத்தார். அப்பாவைப் பார்த்து, "ஐயா, ஒரு நிமிஷம்" என்றார். இருவரும் கிணற்றடிக்குப் போனார்கள். வெகுநேரம் பேசினார்கள். ஒருமுறை மட்டும் அப்பாவின் குரல் உயர்ந்தது. "அவ குழந்தை சார், அவளுக்கு என்ன தெரியும்?" அதற்கு அவர் சொன்ன பதில் கேட்கவில்லை. அந்தப் பாட்டைத் தன் மகளுக்குத் தினமும் பாடியதாக அவர் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அந்த நாட்டில் எல்லாக் குழந்தைகளுக்கும் பாடுகிற பாட்டுதானாம். தற்செயலாக இருந்திருக்கலாம். காலண்டர் தீர்ந்துபோய், ஒரு நல்ல பெண் நல்ல மனதோடு போட்ட பாட்டாகவும் இருந்திருக்கலாம். அவர் அப்படி நம்பவில்லை.

மூன்றாம் நாள் காலை, பால்காரர் வரும் நேரத்தில், ஒரே ஒரு பெட்டியோடு அவர் போய்விட்டார். அறையைப் பூட்டிச் சாவியை அப்பாவிடம் கொடுத்தார். நான் வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். "வரேன் பாப்பா" என்றார். எங்கே என்று கேட்டேன். "இன்னொரு தடவை ஆத்துல இறங்கணும்" என்றார். குளிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் அப்பா எங்களைக் கூடத்தில் நிற்கவைத்துச் சொன்னார். "யார் வந்து கேட்டாலும், எந்தப் பேரைச் சொல்லிக் கேட்டாலும், அப்படி யாரும் இங்க இருந்ததே இல்ல. மாடி எப்பவும் காலி. புரியுதா?" பிறகு மாமாவைப் பார்த்தார். "உன் மன்றத்தை இன்னியோட மூடு."

மாமா பெரிய தாத்தாவின் காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றிச் சுருட்டினார்.

"நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"பொய் எழுதியிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காதுடி," என்றாள் அம்மா. அவளுக்கும் அவ்வளவுதான் சொல்லத் தெரிந்தது.

அடுத்த வாரம் ஒருநாள் பள்ளிக்கூடம் அரை நாள்தான். மதியம் திரும்பி வரும்போது ஏரிக்கரை ஓரமாக ஒரு வெள்ளை அம்பாசடர் நின்றது. ஜன்னல்களுக்குத் திரை போட்டிருந்தது. நம்பர் பலகை கறுப்பாக இல்லை, நீலமாக இருந்தது. நீலப் பலகை தூதரகக் கார்களுக்கு என்று மாமா ஒருமுறை சொல்லியிருந்தார். டிரைவர் மட்டும் வெளியே நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தார். தெருவில் வேறு ஒரு ஆள் இல்லை. அந்த வெயிலில் ஒரு நாய்கூட இல்லை.

"இன்னா பாப்பா, இங்க மாடி வூட்ல வெள்ளக்காரன் ஒர்த்தன் கீறானாமே, எந்த வூடு? ஒரு வூட்லயும் நம்பர் இல்லியே."

"அப்படி யாரும் இல்ல அண்ணா."

"ரெண்டு வெரலு இருக்காதாமே?"

என் கடிதத்தில் நான் எழுதிய வரி அது. நான் எழுதியதை ஏரிக்கரையில் ஒரு அந்நியர் வாயிலிருந்து கேட்டபோது, என் நோட்டே எழுந்து வந்து என்னிடம் பேசுவது போல இருந்தது.

"இல்ல அண்ணா. மாடி எப்பவுமே காலி."

டிரைவர் திரும்பிப் பின் ஜன்னலைப் பார்த்தார். திரை ஒரு விரல் அகலம் விலகியது. உள்ளே இருட்டு. யார் என்று தெரியவில்லை. திரை மறுபடி மூடிக்கொண்டது. நான் ஓடவில்லை, எண்ணி எண்ணி நடந்தேன். ஏரிக்கரையிலிருந்து எங்கள் வாசலுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு அடிகள். எங்கள் வீட்டைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அடுத்த தெரு வழியாகச் சுற்றிப்போயிருக்க வேண்டும். அது வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் உறைத்தது.

கார் அங்கேயே நின்றது. நாலு மணிக்குக் கரண்ட் போயிற்று. ஆறரை தாண்டியும் வரவில்லை. அம்மா சிம்னி விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கரண்ட் வந்த அதே நொடியில் எங்கள் தலைக்கு மேலே எக்காளம் ஒலித்தது. ஏழெட்டு சுரங்கள். நிறுத்தி, மறுபடி.

அம்மா விளக்கைக் கீழே போட்டாள். பூட்டிய அறை. சாவி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மாமா சாவியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் பாய்ந்தார், பின்னாலேயே நான். அறையில் கட்டில், மேஜை, ரேடியோ. அவர் அதை அணைக்காமலே விட்டுப் போயிருக்க வேண்டும். ஒலியைக் குறைக்கும் குமிழை மாமா பதற்றத்தில் எதிர்ப்பக்கமாகத் திருப்பிவிட்டார். தெருவே கேட்கும்படி எக்காளம் அலறியது. பிறகு பிளக்கைப் பிடுங்கினார். ஜன்னல் வழியாகப் பார்த்தோம். ஏரிக்கரையில் காரின் முன்விளக்குகள் எரிந்தன. கார் மெதுவாகத் திரும்பி, எங்கள் வாசலுக்கு வந்து, ஒரு நிமிடம் எஞ்சினை அணைக்காமல் நின்றது. யாரும் இறங்கவில்லை. பிறகு போய்விட்டது. திரும்ப வரவே இல்லை.

"கரண்ட் போனப்ப ஸ்விட்ச் போட்டபடியே இருந்திருக்கு, வந்ததும் பாடிச்சு. அவ்வளவுதான்," என்று மாமா எனக்குச் சொன்னார். அப்படியானால் மற்ற நாட்களில் அது ஏன் பாடவில்லை என்று நான் கேட்கவில்லை. அதே வாரத்தில் இரண்டு முறை கரண்ட் போய் வந்திருந்தது. இரண்டும் நோட்டில் இருக்கின்றன.

ஏழு மாதங்கள் கழிந்தன. மன்றத்துக்குக் கடிதங்கள் வருவது குறைந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, அம்மா கோயிலுக்குப் போயிருந்தபோது, தபால்காரர் சைக்கிள் மணியை அடித்தார்.

"பாப்பா, உங்க கிளப்புக்குத்தானே? பேரு வாயில நொழைய மாட்டேங்குது."

தடித்த வெள்ளை உறை. ஓரங்களில் சிவப்பும் நீலமும். கையெழுத்து, குண்டு குண்டாக, ஒவ்வொரு எழுத்தையும் யோசித்து எழுதியது. பெறுபவர் பெயர் நான் கேள்விப்படாதது. விலாசம் எங்களுடையது. பின்கோடு எண் சரியாக இருந்தது. பெயருக்குக் கீழே ஆங்கிலத்தில் "மாடி" என்று எழுதி ஒரு கோடு போட்டிருந்தது.

எனக்குச் சட்டென்று புரிந்தது. கார் போய்விட்டது, இப்போது தபாலில் வருகிறார்கள். நாம் வாங்கிக்கொண்டால் அவர் இங்கே இருந்தார் என்று ஆகிவிடும். அப்பா சொன்னது அதுதானே.

"அப்படி யாரும் இல்ல அண்ணா."

"மாடின்னு போட்டுக்கீதே?"

"மாடி எப்பவுமே காலி."

"அப்ப நீயே மேல எழுதிக் குடு. ரிட்டன் போட்டுடறேன். நான் எழுதுனா அங்க எவனுக்குப் புரியும்?"

நோட்டைக் கொண்டுவந்து முதலில் ஆறு கட்டங்களையும் நிரப்பினேன். பழக்கம். பிறகு உறையின்மேல் என் நல்ல கையெழுத்தில், நேராக, ஆங்கிலத்தில் எழுதினேன்: "இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை. ஒருபோதும் இருந்ததில்லை." ஸ்கேலை மூன்று விரல்களால் அழுத்திப் பிடித்து அடிக்கோடு போட்டேன். கோடு நழுவவில்லை.

அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் பழைய விஷயத்தைக் கிளறியதாக ஆகும் என்று நினைத்தேன்.

செக்கோஸ்லோவாக்கியா இரண்டாகப் பிரிந்தது என்று செய்தித்தாளில் வந்த காலையில், எனக்குப் பத்தொன்பது வயது. அப்பா தாளை மடித்து வைத்துவிட்டுக் காவிரிப் படித்துறையிலிருந்து தொடங்கினார். மேலே நான் எழுதியிருக்கும் எல்லாவற்றையும் அன்றுதான் சொன்னார். மாடிக்காரர் பாதிரியார் மூலம் கன்னியாகுமரி பக்கம் ஒரு மிஷன் விடுதிக்குப் போய், அந்த நாட்டில் ஆட்சி மாறுவதற்கு முந்தின வருடமே அங்கே இறந்தார் என்றார்.

"வருஷா வருஷம் பாதிரியார் மூலமா ஒரே கேள்விதான் கேட்டனுப்புவாரு. எனக்கு ஏதாவது தபால் வந்துதான்னு. வந்திருந்தா எங்க அனுப்பணும்னு எனக்குத் தெரியும். நான் என்ன பண்றது, ஒண்ணும் வரலையேன்னு சொல்லுவேன்." அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொண்ணு பேரு ஹெலெனா."

நான் உள்ளே போய்ப் பரணிலிருந்து நோட்டை எடுத்தேன். அந்தப் பக்கம் உடனே கிடைத்தது. என் நோட்டில் எதுவும் உடனே கிடைக்கும். யாரிடமிருந்து என்ற கட்டத்தில், புரியாத குறிகளையும் விடாமல் வரைந்து, அந்தப் பெயரை விலாசத்தோடு எழுதியிருந்தேன். ஹெலெனா.

இத்தனை வருடம் யோசித்ததில் எனக்கு ஒரே விதமாகத்தான் தோன்றுகிறது. யாரோ அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு உட்காரவைத்து, உன் அப்பா சாகவில்லை என்று சொல்லி, என் கடிதத்தை அவள் முன் வைத்திருக்கிறார்கள். அவளுடைய படிப்பு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. அவள் அதில் இடது கையின் இரண்டு விரல்களைப் பற்றிப் படித்திருப்பாள். அவருக்குத் தபால் எதுவும் வருவதில்லை என்ற வரியையும் படித்திருப்பாள். அதனால்தான் எழுதியிருக்கிறாள். நோட்டில் இருந்த அந்த விலாசத்துக்கு நான் இரண்டு முறை எழுதினேன். பதில் வரவில்லை.

சிட்லப்பாக்கம் வீடு இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. நான் ஊரப்பாக்கத்தில் இருக்கிறேன். நோட்டு என்னோடு வந்துவிட்டது. அந்த நாளுக்குரிய வரியில் ஆறாவது கட்டத்தில், குறிப்பு என்ற தலைப்பின் கீழ், பன்னிரண்டு வயதுக் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "திருப்பி அனுப்பினேன். சாரைக் காப்பாற்றிவிட்டேன்."